முழித்த முகமும் ஹீட்டர் பிளக்கும்

காலையில் உங்கள் வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் எதைத் திறப்பீர்கள்? பானட்டையா, வாயையா?

பானட்டை என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சொல்வது எளிது. குளிரில் விறைத்த விரலால் சாவியைத் திருகி, இன்ஜின் இருமி அடங்கி, மறுபடி திருகி மறுபடி அடங்கிய பிறகு, "இன்னிக்கு யார் மூஞ்சியில முழிச்சேனோ" என்று முணுமுணுக்காதவர் நம்மில் எத்தனை பேர்? அது சும்மா வாய்ப்பேச்சு என்பீர்கள். அந்த வாய்ப்பேச்சு ஒரு பெண்ணை என்ன செய்தது என்று சொல்கிறேன்.

ஜிப்பக்கா என்று அவரைக் கூப்பிடுவார்கள். பை தைக்கும் பட்டறை ஒன்றில் ஜிப் வைத்துத் தைப்பது அவர் வேலை. பையின் மற்ற பாகங்களை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். ஜிப் அப்படியல்ல. கை கொஞ்சம் இழுத்துவிட்டால் அலை அலையாக நெளியும். தளர்ந்துவிட்டால் துணியைக் கடிக்கும். அவர் தைத்த ஜிப் வழுக்கிக்கொண்டு ஓடும். மெஷினில் உட்கார்ந்தால் வாயும் ஓடும். "உங்க வாய்க்கு ஒரு ஜிப் தைச்சுக்கோங்கக்கா" என்று பக்கத்து மெஷின்காரி கெஞ்சுவாள். "தைச்சு வெச்சிருக்கேன், இழுத்து மூடுற ரன்னர்தான் ஸ்டாக் இல்ல" என்பார்.

கட்டடங்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த கணவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு ஜிப்பக்கா தன் தம்பி வீட்டுக்கு வந்தார். தம்பியே போய் அழைத்து வந்தான். அவன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடைக்க மாட்டார்கள். அதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

தம்பி பண்ணையிலிருந்து கடைகளுக்கு முட்டை ஏற்றிப் போகிறவன். ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கியிருந்தான். சீட்டு கிழிந்து பஞ்சு தெரிந்தது. ஜிப்பக்கா பட்டறையில் மிஞ்சிய தடித்த நீலத் துணியைக் கேட்டு வாங்கி வந்து உறை தைத்துப் போட்டார். டார்ச் வைக்க, சீப்பு வைக்க, பேனா வைக்க என்று இடத்துக்கு இடம் ஜிப் போட்ட பைகள்.

"இது வண்டியா, பள்ளிக்கூடப் பையா?" என்று தம்பி சிரித்தான்.

"நீதான் பள்ளிக்கூடம் பக்கமே ஒழுங்காப் போகல. பையாவது இருக்கட்டும்."

அந்த சீட்டில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பட்டறை நடக்கும் தூரம்தான்.

வீட்டில் இரண்டு அறை, ஒரு கூடம். கூடத்துக் கதவு நேராகச் சந்தில் திறக்கும். சந்து குறுகல் என்பதால் வண்டியை மூக்கு கதவைப் பார்க்கும்படிதான் நிறுத்த முடியும். ஓட்டுகிறவன் சாவியைத் திருகும்போது கண்ணாடி வழியே தெரிவது கதவு மட்டும்தான். தம்பி வண்டியை எடுக்கும் நேரமும் அக்கா பட்டறைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று. இந்த மூன்று விஷயங்களும் சேர்ந்துதான் வினையாயிற்று.

குளிர்காலம் தொடங்கியதும் வண்டி அடம்பிடித்தது. ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றும். இன்ஜின் பற்றாது. சைலன்சரில் வெள்ளையாகப் புகை வரும், நின்றுவிடும். ஸ்பேனர் என்று பெயர் எடுத்த மெக்கானிக் வந்து பார்த்தார். பேட்டரியை மாற்றினார். டீசல் ஃபில்டரை மாற்றினார். காற்று போகும் குழாயில் ஏதோ ஸ்ப்ரே அடித்தார், வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மறுபடி ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து கையைத் துடைத்துக்கொண்டே, ஜிப்பக்கா கதவைத் திறந்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே, தம்பியிடம் சொன்னார்:

"பேட்டரி புதுசு, ஃபில்டர் புதுசு. இனி மாத்தணும்னா எதிர்ல நிக்கிற ஆளத்தான் மாத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜிப்பக்காவும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வாரம் சித்தி வீட்டுக்குப் போய் வர நேர்ந்தது. அந்த வாரம் முழுக்க வண்டி முதல் திருகலில் கிளம்பியது. தம்பியின் மனைவி அதைக் கவனித்தாள். தம்பியும் கவனித்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா திரும்பி வந்த மறுநாள் வண்டி கிளம்பாதபோது, கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் மீது தீர்ப்பு எழுத அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

அந்த வாரம் வானம் மூடிக்கிடந்தது, மேகம் போர்வை போட்ட இரவுகளில் குளிரே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கண்ணெதிரே இரண்டு விஷயம் மாறியிருந்தது. நாம் முகத்தைத் தேர்ந்தெடுத்தோம். எப்போதும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். மேகத்தை வீட்டுக்குள் இருக்கச் சொல்ல முடியாது அல்லவா?

"அக்கா, தப்பா எடுத்துக்காத" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "வண்டி கிளம்புற வரைக்கும் கொஞ்சம் உள்ள இரேன். எனக்கு நம்பிக்கை எல்லாம் இல்ல. இருந்தாலும்…"

"இருந்தா போச்சு" என்றார் அவர். "நல்லவேளை, மூஞ்சியைக் கழட்டி வெச்சுட்டு வான்னு சொல்லாம விட்ட."

அன்றிலிருந்து அவர் கதவுக்குப் பின்னால் நின்றார். பையை மாட்டிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தபடி. வெளியே ஸ்டார்ட்டர் சுற்றும், இருமும், அடங்கும். கதவிடுக்கில் புகை வரும். ஒருநாள் ஜிப்பக்கா தம்பியின் மனைவியிடம், "டீசல் எரியாமலே வருது போல. ஸ்டவ் பத்தாம புகைஞ்சா ஒரு வாடை வரும் பாரு, அதேதான்" என்றார்.

"தள்ளி நில்லுங்கண்ணி. அவரு காதுல விழுந்தா எரிஞ்சு விழுவாரு" என்றாள் அவள்.

ஜிப்பக்கா சொன்னது மிகச் சரி. ஆனால் சொன்னவருக்கே அதில் பிடிப்பு இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் நின்றும் வண்டி கிளம்பவில்லை என்றால் முகத்துக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை என்றுதானே முடிவுக்கு வரவேண்டும்? வந்தார்களா? கதவு போதாது போலிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பட்டறையிலும் அவர் தினம் தாமதம். மேற்பார்வையாளர் அவரை ஜிப் மெஷினிலிருந்து எழுப்பி, தரையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு அனுப்பினார். மெஷின்காரிகள் வருத்தப்பட்டபோது, "என் மூஞ்சி வண்டியை எல்லாம் நிறுத்துது, இந்தப் பாழாப்போன கடிகாரத்த நிறுத்த மாட்டேங்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மெஷின் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்கு நேரத்தோடு கிளம்ப வேண்டும். அதற்கு மற்ற மனிதர்களைப் போல வீட்டுக் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும்.

போக முடியாததால் கொல்லைப் பக்கமாகப் போக ஆரம்பித்தார். அந்த வழி சுற்றி வந்து சந்து முனையில்தான் சேரும். அங்கே போனால், வண்டியைச் சந்திலிருந்து வெளியே எடுக்கும் தம்பியின் கண்ணில் பட்டுவிடுவார். ஆகவே தம்பி வண்டி போகும் சத்தம் கேட்கிற வரை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பனியில், சுவரோடு ஒட்டி நின்றார். அப்படியும் தாமதம்தான். ஆனால் வீட்டில் இல்லை என்று ஆகிவிட்டது. தம்பிக்கு நிம்மதி.

அவருக்குச் சிறுவயதிலிருந்து மூச்சிழுப்பு உண்டு. துணித் தூசியில் வேலை. காலைக் குளிர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தம்பிக்கும் தெரியும். தொட்டிக்குப் பின்னால் அக்கா நிற்பதுதான் தெரியாது என்கிறான். நான் நம்புகிறேன். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்தக் காலையில் அவர் தொட்டியருகே உட்கார்ந்துவிட்டார். பாத்திரம் கழுவ வந்த தம்பி மனைவிதான் பார்த்தாள். இழுப்பு மருந்தை வாயில் வைத்து அழுத்தினார்கள், கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். தம்பி அக்காவைத் தூக்கிக்கொண்டு கூடத்து வழியாக ஓடி, கதவை உதைத்துத் திறந்து, வண்டியில் உட்கார வைத்தான். தான் தைத்த நீல உறையின் மேல் ஜிப்பக்கா முதல் முறையாக உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் ஏறி அவரைத் தாங்கிக்கொண்டாள்.

சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு வழக்கம்போல் எரிந்து அணைந்தது. ஸ்டார்ட் செய்தான். சுற்றியது. இருமியது. வெள்ளைப் புகை. நின்றது. மறுபடி. நின்றது.

ஜிப்பக்கா தோளில் கிடந்த சால்வையைப் பிடித்து இழுத்தார். குளிருகிறது போல என்று நினைத்தார்கள். அவர் அதைத் தலைக்கு மேலே கொண்டுபோய் முகம் முழுவதையும் மூடிக்கொண்டார்.

"இப்ப போடு" என்றார் உள்ளிருந்து.

மூச்சுக்குத் தவித்த ஒரு மனுஷி, ஒரு டீசல் இன்ஜினுக்கு வழிவிட்டு, தன் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டார். தம்பி அந்தத் துணியை விலக்கவில்லை. சாவியைத் திருகினான். இந்த முறை கிளம்பிவிடும் என்று நம்பினானாம். அவனே சொன்னான்.

கிளம்பவில்லை. மனைவிதான் வீறிட்டு அந்தச் சால்வையைப் பிடுங்கி எறிந்தாள். தெருக்காரர்கள் வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் அந்த வழியே வந்த ரொட்டி வேன் ஒன்றை மறித்து, தட்டுகளை இறக்கிவிட்டு, அவரை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை.

காரியங்கள் முடிந்த பிறகு தம்பி ஸ்பேனரிடம் வண்டியை இழுத்துக்கொண்டுபோய் விட்டான். "வித்துடுண்ணே. இது இனிமே என் கண்ணுல படக்கூடாது" என்றான்.

விற்கவேண்டும் என்றால் வண்டி கிளம்ப வேண்டும். ஆகவே ஸ்பேனர் அன்றுதான் முறையாகப் பார்த்தார். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறது, பேட்டரியில் குறையில்லை. கைப்பம்பு கெட்டியாக இருக்கிறது, டீசல் லைனில் காற்று இல்லை. வெள்ளைப் புகை வருகிறது, டீசல் உள்ளே போகிறது, பற்றத்தான் இல்லை. டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. நசுக்கப்படும் காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஹீட்டர் பிளக் முன்கூட்டியே சிவந்து சூடேற்றிக் கொடுக்கிறது. பிளக்குகளின் மேலே இருந்த இணைப்புத் தகட்டைக் கழற்றினார். பேட்டரியிலிருந்து ஒரு டெஸ்ட் பல்பை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தார். எரியவில்லை. எரியவில்லை. எரிந்தது. எரியவில்லை.

"ஒண்ணுதான் உயிரோட இருக்கு" என்றார்.

"எப்போலேருந்து?"

"குளிர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போயிருக்கும்."

"டேஷ்ல லைட் எரிஞ்சுதேண்ணே. தினமும் எரிஞ்சுது."

"அது எரியும்டா. கரண்ட் அனுப்பினேன்னு மட்டும்தான் அது சொல்லும். பிளக் சூடாச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. நானும் அந்த லைட்டப் பாத்துதான் ஏமாந்தேன்."

"அக்கா சித்தி வீட்டுல இருந்த வாரம் கிளம்புச்சே."

"அந்த வாரம் மழைக்கு மூடிக்கிட்டு இருந்துச்சே. குளிரில்லன்னா ஒண்ணே போதும்."

தம்பி மெக்கானிக் ஷெட் வாசலில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தான். "அன்னிக்கு ஆள மாத்தணும்னு சொன்னியேண்ணே" என்றான்.

"சிரிக்கத்தானடா சொன்னேன்."

"ஆமா. எல்லாரும் சிரிச்சோம்."

ஸ்பேனர் பழைய பிளக்குகளைக் கழற்றிப் புதியவற்றை முடுக்கினார். டீக்கடைக்குப் போய் வருகிற நேரம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பி, விளக்கு அணையக் காத்திருந்து, ஸ்டார்ட் செய்தார். குளிர் விடாத காலைதான். வண்டி சட்டென்று எழுந்து சீராக ஓடியது. தம்பி எழுந்து போய், கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தான்.

ஜிப்பக்கா மூடநம்பிக்கையால் செத்தார் என்று எழுதிவிட்டு நான் கை கழுவ முடியும். ஆனால் அந்த வீட்டுக்கு மந்திரவாதி வரவில்லை, யாரும் தாயத்துக் கட்டவில்லை. "நம்பிக்கை எல்லாம் இல்ல, இருந்தாலும்" என்று ஒருவன் தரையைப் பார்த்துச் சொன்னான், அவ்வளவுதான். அந்த "இருந்தாலும்" என்ற சொல் நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. படித்தவன் வாயிலும் இருக்கிறது. அதற்கு விலை கொடுப்பவர் எப்போதும் கதவுக்குப் பின்னால் நிற்கவைக்க முடிந்த ஒருவர்தான். வீட்டுக்குச் சொந்தக்காரரின் முகத்தில் முழித்து வண்டி நின்றதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

நாளைக் காலை வெளியே கிளம்பும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் வீட்டில், நீங்கள் போகட்டும் என்று யாராவது உள்ளே ஒதுங்கி நிற்கிறார்களா என்று திரும்பிப் பாருங்கள். நின்றால், கதவை நீங்களே விரியத் திறந்து அவரை முதலில் வெளியே போகச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்து, போயிட்டு வாங்க என்று சொல்லுங்கள். அதன் பிறகும் வண்டி கிளம்பாவிட்டால், பானட்டைத் திறங்கள்.