விளக்கு நின்ற இடம்

அவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்காரர் என்றால்தான் தெரியும். கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. இருபத்தாறு வருடமாக முகங்களைப் படமெடுத்தாலும், ஒரு முகத்திலும் கை வைத்ததில்லை. பரு இருந்தால் பரு, மரு இருந்தால் மரு. கொஞ்சம் பளிச்சென்று போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களிடம், பாஸ்போர்ட் ஆபீசில் படத்தையும் பார்ப்பார்கள், உங்களையும் பார்ப்பார்கள் என்று சொல்லி வாயடைத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட கறார் ஆசாமிதான் கட்டிய மனைவியிடம் நாலு மாதம் பித்தலாட்டம் பண்ணினார்.

மனைவிக்கு நூலகத்தில் வேலை. புத்தகம் கொடுத்து வாங்குகிற மேஜையில் அவர் உட்கார்ந்திருப்பார், வருகிறவர்கள் எதிரே நிற்பார்கள். நீண்ட காய்ச்சல் ஒன்று வந்து போனதும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வகிடு கட்டைவிரல் அகலம் ஆயிற்று. நிற்கிறவர்களின் கண் நேரே அங்கேதான் விழுகிறது என்று முதலில் தலையில் துணி கட்டிக்கொண்டார். பிறகு, கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிற பின்னறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். நாள் முழுக்க நாலு பேரோடு வாயாடினால்தான் சோறு இறங்கும் என்கிற மனுஷி, பசைக் கிண்ணத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் பேச்சு குறைந்தது. பாஸ்போர்ட்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

முடி முளைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரோஸ்மேரி எண்ணெய் வாங்கி வந்தார் மனைவி. ஆர்வக்கோளாறில் அதை அப்படியே தலையில் தேய்த்து, எரிச்சல் தாங்காமல் மருந்துக்கடை அம்மாவிடம் ஓடினார். இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயில் ஐந்தாறு சொட்டுக்கு மேல் கூடாது என்றார் அந்த அம்மா. இது சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, காய்ச்சலில் கொட்டிய முடி தானாகவும் வரலாம், எப்படியும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்றார். கண்ணாடியை நம்பாமல் மாதம் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் சொன்னார். படமெடுக்க ஆள் தேட வேண்டுமா என்ன?

முதல் மாதம் பாஸ்போர்ட்காரர் தன் வழக்கப்படி உள்ளதை உள்ளபடி எடுத்தார். விளக்கு உச்சந்தலைக்கு நேர் மேலே. திரையில் வகிடு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மனைவி பார்த்துவிட்டு மாடி ஏறிப் போனார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இரண்டாவது மாதம் பாஸ்போர்ட்காரரின் கை, அவரைக் கேட்காமலே விளக்கைப் பக்கவாட்டில் ஓரடி நகர்த்தியது. நிழல் விழுந்தது, வகிடு கொஞ்சம் சுருங்கியது. மனைவி முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு எங்கே நிறுத்துவது? அடுத்தடுத்த மாதங்களில் விளக்கு இன்னும் தள்ளிப் போனது, இன்னும் கீழே இறங்கியது. ஐந்தாம் மாதப் படத்தில் வகிடு ஒரு கோடு. மனைவி அந்தப் படத்தை மருந்துக்கடை வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். வீட்டில் பழையபடி பேச்சும் சிரிப்பும் கேட்டன. பாஸ்போர்ட்காரர் மனைவியின் தலையை நேராகப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஆறாம் மாதம் மனைவி தலைத்துணியை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, திரும்ப மேஜைக்கே அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் எழுதினார். பாஸ்போர்ட்காரருக்கு உடனே அந்த மேஜை ஞாபகத்துக்கு வந்தது. நூலக மேஜைக்கு நேர் மேலே டியூப்லைட். தான் மறைத்ததை அது ஒரே நாளில் ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஊருக்கு முன்னால் மனைவியே பார்த்துவிடட்டும் என்று, விளக்கை முதல் மாதம் இருந்த இடத்துக்கே கொண்டுபோய்ப் படம் எடுத்தார்.

ஐந்தாம் மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த மனைவியின் கண் கலங்கியது.

"மறுபடியும் கொட்டிடுச்சு," என்று சொல்லிக் கடிதத்தை நாலாக மடித்தார்.

பாஸ்போர்ட்காரரும் திரையைப் பார்த்தார். நடுவில் இருந்த படங்களையெல்லாம் தள்ளிவிட்டு, முதல் படத்தையும் ஆறாம் படத்தையும் அருகருகே வைத்தார். கட்டைவிரல் அகலம் இருந்த வகிடு சுண்டுவிரல் அகலம் ஆகியிருந்தது. ஓரங்களில் குட்டை முடி ஏராளம். எண்ணெயோ, காலமோ, நிஜமாகவே முளைத்திருந்தது. அவர் சந்தோஷப்படுவதற்குக்கூட வழியில்லாமல், விளக்கை நகர்த்தியதை முதலிலிருந்து ஒன்று விடாமல் சொல்ல வேண்டியிருந்தது.

மனைவி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முளைச்சது நிஜம். அதைப் பார்த்து நான் அழுதேனே, அது உங்களாலதான்," என்றார்.

ஆறுதலுக்கென்று செய்தது இப்படித் திரும்பும் என்று பாஸ்போர்ட்காரர் கனவிலும் நினைக்கவில்லை. மனைவி ஒட்டுநாடாவை எடுத்துவந்து, விளக்கின் மூன்று கால்களும் நின்ற இடத்தைத் தரையில் தானே குறித்தார். கடிதத்தைப் பிரித்து, மடிப்பை நீவிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு நாள் பேசவே இல்லை.

மனைவிக்கு மேஜை திரும்பக் கிடைத்த முதல் திங்கட்கிழமை, பாஸ்போர்ட்காரர் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு, என்றோ எடுத்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். மேஜையில் மனைவி, தலையில் துணி இல்லாமல். தன் முறை வந்ததும் புத்தகத்தை நீட்டினார். மனைவி நிமிராமல் முத்திரை குத்தினார்.

"லைட் மேலதான் இருக்கு. இப்பவாவது நல்லாப் பார்த்துக்கோங்க," என்றார்.