பிஸ்கட் டப்பாவில் இருந்த பதில்கள்

அந்தத் தபால் அட்டை இப்போதும் என் மேஜையில் கிடக்கிறது. மரக்காணத்து உப்புக்காற்றில் நமத்துப்போய்விட்டது. எழுத்து மட்டும் கலையவில்லை.

உப்பளத்தில் எங்கள் சூப்பர்வைசராக இருந்தவர் எழுதியது. சாப்பாட்டு நேரத்தில் வருடக்கணக்காக என்னோடு செஸ் ஆடியவர். ஓய்வுபெற்றுக் கிளியனூருக்குப் போனதும், இனி தபாலில் ஆடலாம் என்றார். "நேர்ல என் மூஞ்சியப் பாத்தே ஆடுறீங்க. முடியற வரைக்கும் போன் கூடாது, பாக்கவும் கூடாதுங்க." எனக்கு வெள்ளை. அவர் வழக்கம்போல சிசிலியன் தொடக்கம். என் ராஜாவின் சிப்பாய்க்கு நேரே நிற்காமல், மந்திரியின் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் வருகிற பிடிவாதம். ஒவ்வொரு அட்டையிலும் நகர்த்தலுக்குக் கீழே என்னைக் கிண்டலடித்து ஒரு வரி இருக்கும்.

கோடையில் அந்த வரி நின்றுபோனது. மனிதருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நானும் வெறும் நகர்த்தலை மட்டும் எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மழையில் பாத்திகளெல்லாம் மூழ்கி வேலை இல்லாத ஒரு நாள், ஏதோ நினைப்பில் குதிரையை ஓரத்தில் கொண்டுபோய் வைத்து எழுதிவிட்டேன். அதற்குப் பதிலே வரவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, பேச்சை மீறிக் கிளியனூருக்கு பஸ் ஏறினேன்.

சுவரில் மாலை போட்ட போட்டோவாக இருந்தார். சித்திரையிலேயே போய்விட்டாராம். அவர் மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். கட்டுக்கட்டாக அட்டைகள், எல்லாம் அவர் கையெழுத்து. ஒவ்வொன்றிலும் குத்தியிருந்த துண்டுச்சீட்டில் நான் ஆடக்கூடிய நகர்த்தல்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எழுதினாருங்க. நீங்க இப்டி ஆடினா இந்தக் கார்டு, அப்டி ஆடினா அந்தக் கார்டு. நான் போயிட்டாலும் ஆட்டம் முடியற வரைக்கும் உப்பளத்துல யாருக்கும் சொல்லாதன்னுட்டாரு. கடைசியா நீங்க அனுப்பினது மட்டும் இதுல இல்ல. என்ன பண்றதுன்னே தெரியலீங்க."

மாதக்கணக்காக நான் யோசித்து யோசித்து ஆடியதையெல்லாம் அவர் முன்பே ஆடி முடித்திருக்கிறார். அவர் நினைக்காத ஒன்றை நான் ஆடினால் அவர் பேச்சு நின்றுவிடும் என்பது அதைவிடப் பயமாக இருந்தது. குதிரையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். செஸ்ஸில் அதற்கு இடமில்லை. அந்த அம்மா மறுக்கவில்லை. எப்போதும் நான் செய்கிற மாதிரி மந்திரியை நகர்த்துவதாகச் சொன்னேன். தேடினார், இருந்தது. "தபால்லயே அனுப்பிடுறேங்க" என்றார்.

அப்படி வந்த அட்டைதான் இது. நகர்த்தலுக்குக் கீழே, "செக்." என் ராஜா போக ஒரே ஒரு கட்டம் பாக்கி. அங்கே போனால் அடுத்த அட்டையில் ஆட்டம் முடியும். அது கிளியனூரில் எழுதித் தயாராக இருக்கிறது. என் பதிலை எழுதி முகவரியும் போட்டுவிட்டேன். பெட்டியில் போடத்தான் கை வரவில்லை.