எழுத்துப்பிழையோடு பேசிய ஆவி

படங்களில் பார்த்திருப்பீர்கள். நாலு வாலிபப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் எழுத்துப் பலகை, அதன்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு மரக்கட்டை. ஆளுக்கொரு விரலைக் கட்டைமேல் வைத்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். கட்டை தானாக நகர்ந்து எழுத்து எழுத்தாகப் பதில் சொல்லும். தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் முன்பின் தெரியாத நம் கையைப் பிடித்துக்கொள்வார்.

அந்த நேரத்தில் மேசைக்கு அடியில் ஒருவர் மல்லாந்து படுத்துக்கொண்டு, சாஸர் அகலக் காந்தம் ஒன்றைப் பலகையின் அடிப்புறமாக இழுத்துக்கொண்டிருப்பார். ஒன்பது வருஷமாக அதுதான் அவருக்குப் பிழைப்பு. சின்னவர்களுக்கு அவர் காந்தண்ணன், மற்றவர்களுக்கு வெறும் காந்தம்.

அதற்கு முன் ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் இருந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து பெரிய காந்தம் வேண்டும் என்று சினிமாக்காரர்கள் வந்தபோது, வாங்கிப்போன காந்தத்தை யாருக்கும் ஒழுங்காக நகர்த்தத் தெரியவில்லை. கட்டை தவளை மாதிரித் தத்தித் தத்திப் போனது. "இப்படி இல்லைங்க" என்று காட்டிக்கொடுக்க அடியில் புகுந்தவர், அப்படியே தங்கிவிட்டார்.

கேட்கச் சுலபமாக இருக்கும் வேலை, படுத்துப் பார்த்தால்தான் தெரியும். மேசையின் நாலு பக்கமும் பலகை அடித்து மூடிவிடுவார்கள். தரைக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதன் வழியாகச் செருப்புகள் மட்டும் தெரியும். பெரிய பெரிய நடிகர்களையெல்லாம் அவர் கணுக்காலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார். முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்.

எழுத்துப் பலகை அதைவிடப் பாடு. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் போட்டால் மேசை போதாது, கட்டில் வேண்டும். அதனால் உயிரெழுத்துகளையும் க, ங, ச என்ற பதினெட்டு எழுத்துகளையும் மட்டும் எழுதி, புள்ளி, கால், கொம்பு, சுழி எல்லாவற்றையும் ஓரத்தில் தனியாக வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஆய்த எழுத்துக்கு இடம் கிடைக்கவில்லை. 'கொலை' என்று எழுத ஆவி ஐந்து இடத்துக்கு அலைய வேண்டும்: கொம்பு, க, கால், இணைக்கொம்பு, ல. "இது கொலைன்னு எழுதி முடிக்கறதுக்குள்ள இன்டர்வெல் வந்துடும்" என்று டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காந்தத்தின் கை சுத்தம், எழுத்துதான் சுத்தமில்லை. எட்டாவதோடு நின்றவர். ர எது, ற எது என்பது அவருக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற விவகாரம். வாய்த்த மனைவியோ அச்சகத்தில் புரூப் பார்ப்பவர். நிச்சயமான கையோடு இவர் ஆசை ஆசையாக எழுதிய முதல் கடிதம், ஏழு இடத்தில் சிவப்பு மை வட்டத்தோடு திரும்பி வந்தது. கீழே, 'மற்றபடி எனக்கும் சம்மதம்' என்று எழுதியிருந்தார். நல்லவேளையாகப் படப்பிடிப்பில் அசிஸ்டெண்ட் டைரக்டர் ஒவ்வொரு வசனத்தையும் துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே தள்ளிவிடுவார். அதைப் பார்த்து நகர்த்தினால் போதும்.

அந்தப் படத்தை ஒரு மூடிப்போன பிஸ்கட் ஃபாக்டரியில் எடுத்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். முதலாளி படத்தொழிலுக்குப் புதுசு. பிளாஸ்டிக் வாளி செய்து விற்றவர். கட்டை நகர்வதெல்லாம் பின்னால் கம்ப்யூட்டரில் செய்வது என்றே அவர் நினைத்திருந்தார். யாரும் அவரிடம் இல்லை என்று சொல்லவில்லை, ஏனென்றால் அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். வெளியே வருவதென்றால் நாலு திருகாணி கழற்ற வேண்டும் என்பதால், காந்தம் உள்ளேயே படுத்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். இடைவெளியில் ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் வெள்ளை சாக்ஸும் வந்து நின்றன. அவருக்குத் தெரியாத கால்கள். புது நடிகர் ஒத்திகை பார்க்க வந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டார். நாற்காலி இழுபட்டது. கட்டைமேல் விரல் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா... இருக்கீங்களாப்பா?"

சீட்டு இல்லை. ஆனால் இந்த வசனம் முதல் நாளே எடுத்ததுதானே? காந்தம் ரொட்டியை நெஞ்சின்மேல் வைத்துவிட்டு, நினைவிலிருந்து நகர்த்தினார்: 'இறுக்கிரேன்.'

மேலே நாற்காலி கவிழ்ந்தது. அப்புறம் விசும்பல்.

"நீங்கதாம்பா! ரவும் றவும் மாறிப் போயிருக்கே! ஹாஸ்டலுக்கு லெட்டர் போடும்போது 'நன்ராக இறுக்கிராயா'ன்னுதானே எழுதுவீங்க! ரெண்டு வருஷமா எங்கப்பா போயிட்டீங்க?"

நடிப்பு ரொம்பப் பிரமாதம் என்று முதலில் நினைத்த காந்தத்துக்கு, மூக்குச் சிந்துகிற சத்தத்தில்தான் விஷயம் புரிந்தது. எந்த நடிகரும் இவ்வளவு நேரம் மூக்குச் சிந்த மாட்டார். இருமிக் காட்டிக்கொடுக்கலாமா என்று பார்த்தார். ஐம்பது வயது மனுஷன் வாய்விட்டு அழுது முடித்த பிறகு, "நான்தாங்க அடியில" என்று எப்படித் தலையை நீட்டுவது?

முதலாளி நாற்காலியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு மனசில் இருந்ததைக் கொட்டினார். அப்பா இறந்ததிலிருந்து தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை. சண்டை சொத்துக்காக இல்லை, படத்துக்காக. வீட்டில் அப்பாவின் எந்தப் படத்தை மாட்டுவது என்று. இவருக்கு மீசை வைத்த அப்பா வேண்டும், அவளுக்கு மீசை இல்லாத அப்பா.

"நீங்களே சொல்லுங்கப்பா. மீசையோடயா, இல்லாமலா?"

காந்தம் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: 'ரெண்டும்.'

அன்று சாயங்காலமே முதலாளி தங்கைக்குப் போன் போட்டுவிட்டார்.

அதிலிருந்து தினமும் மதியம் அரங்கத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு முதலாளி வந்து உட்கார ஆரம்பித்தார். காந்தம் பயந்துபோய் டைரக்டரிடம் சொன்னார். டைரக்டர் முகம் மலர்ந்துவிட்டது.

"கடவுளே அனுப்பின ஆளு நீங்க. ஆவிக்கு ஒரு டூயட் வேணும்னு முதலாளி ஒத்தக்கால்ல நிக்கிறாரு. வேணாம்னு அப்பாவ விட்டு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க காந்தம்."

"செத்தவரு பேருல சினிமாவெல்லாம் பேச மாட்டேங்க. என் மச்சான் கேட்டா என்ன சொல்வேனோ அத மட்டும்தான் சொல்வேன்."

விஷயம் கசிந்தது. மறுநாளிலிருந்து இடைவெளி வழியாகத் துண்டுச்சீட்டுகள் வந்து குவிந்தன. கதாநாயகிக்குக் கிணற்றில் விழுகிற காட்சி வேண்டாம். மேக்கப்காரருக்கு இரண்டு நாள் லீவு. சமையல்காரருக்கு அப்பா ஒருமுறை சாப்பாட்டைப் பாராட்டினால் போதும். உயிரோடு இருந்தபோதுகூட அந்தப் பெரியவருக்கு இத்தனை மனு போயிருக்காது. காந்தம் எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மசிந்தார். கறுப்புத் துணி கட்டிய கூடத்தில் வெக்கை தாங்கவில்லை, ஃபேன் வேண்டும் என்று லைட்காரர்கள் கேட்டிருந்தார்கள். அடியில் கிடப்பவருக்கும் அதே வெக்கைதானே.

பலகையில் ஆய்தம் இல்லை. இருப்பதை வைத்து எழுதினார்: 'செட்டுக்கு நாலு பேண்.'

முதலாளி அதை நோட்டில் குறித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். "நாலு... பேண்... நாலு பேரப் பேணுன்னு சொல்றாரு! ஆளுங்கள கவனிக்காம விட்டுட்டேன்னு அப்பாவுக்கு வருத்தம்" என்றார் தனக்குத்தானே.

மறுநாள் காலையில் கார்பெண்டர், தையல்காரர், ஒரு லைட்காரர், சமையல்காரர் ஆகிய நாலு பேரைப் பொறுக்கியெடுத்து, மெத்தை வைத்த நாற்காலியில் வரிசையாக உட்காரவைத்தார்கள். மணிக்கொரு தரம் ஜூஸ் வந்தது. காலுக்கு முக்காலி வந்தது. கார்பெண்டர் எழுந்து ஒரு ஆணி அடிக்கப் போனால், "உக்காருங்க! உங்கள பேணிக்கிட்டிருக்கோம்ல!" என்று அதட்டல் கேட்டது. மூன்றாம் நாள் தையல்காரர் அழுதுவிட்டார். சமையல்காரரைப் பேணியதில் யாருக்கும் மதியச் சாப்பாடு இல்லை. ஃபேனும் வரவில்லை.

காந்தம் வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவர் ஏமாற்று வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏங்க, செத்துப்போன மனுஷன் பேருல 'பேண்'னா எழுதுனீங்க? மூணு சுழி போட்டா? அவர் மானத்த வாங்கறதுக்கா?"

அன்றே பாடம் ஆரம்பமானது. டவுக்கு முன்னால் மூன்று சுழி, றவுக்கு முன்னால் இரண்டு சுழி. சொல்லின் முதலில் ற வராது. காந்தம் இரண்டு வாரம் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தார். அந்த நாட்களில் முதலாளி தங்கை ஊருக்குப் போயிருந்ததால் மதியத்தில் ஆவிக்கும் ஓய்வு. நாற்பத்தாறு வயதில் அவருக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் பிடித்தும் இருந்தது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளில் தப்பு கண்டுபிடித்துத் தனியாகச் சிரித்துக்கொள்வார்.

படப்பிடிப்பு முடிய நாலு நாள் இருக்கும்போது, மதியம் இரண்டு ஜோடிக் கால்கள் வந்தன. வெள்ளை சாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் நீலச் செருப்பு.

"அப்பா, தங்கச்சி வந்திருக்காப்பா. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிட்டோம்."

காந்தத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன்னால் ஒரு குடும்பம் சேர்ந்திருக்கிறது. சந்தோஷத்தில் கை நிதானமாக ஓடியது: 'நன்று. இருவரும் என்றும் ஒற்றுமையாக இருங்கள்.'

மேலே தங்கை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அண்ணா, இது அப்பா இல்ல" என்றாள் தங்கை. "அப்பாவுக்கு ஒற்றுமைன்னு எழுத வராது."

"ஆமா... ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லையே!" முதலாளி கட்டையிலிருந்து விரலை வெடுக்கென்று எடுத்தார். "எவனோ படிச்சவன் உள்ள பூந்துட்டான்! டேய், யார்டா நீ? எங்கப்பாவ என்னடா பண்ணின?"

காந்தம் அவசரமாகத் தப்பு விட முயன்றார். ஆனால் தப்பு என்பது நினைத்த மாத்திரத்தில் வருகிற சரக்கா? கண்டமேனிக்கு ஒரு மூன்று சுழி போட்டுவைத்தார்: 'மண்ணிச்சுக்கோ.'

"நடிக்குதுண்ணா!" என்று கத்தினாள் தங்கை. "அப்பா அந்த ஒரு வார்த்தய மட்டும் தப்பா எழுத மாட்டார். அம்மாவுக்கு எழுதி எழுதிப் பழகினது!"

மேசையைத் தூக்கி வெளியே எறியச் சொல்லி முதலாளி அலறினார். ஓடிவந்தது பேணப்பட்ட நாலு பேரும்தான். பல நாள் கழித்து ஒரு வேலை கிடைத்த வேகத்தில் மேசையை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். தரையில் காந்தம், வயிற்றின்மேல் பிஸ்கட் பாக்கெட்டோடு மல்லாந்து கிடந்தார்.

"நீங்க யாரு?" என்றார் முதலாளி.

"காந்தம்ங்க."

"எத்தன நாளா இங்க இருக்கீங்க?"

"முதல் நாள்லேர்ந்துங்க."

முதலாளி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ அந்த 'ரெண்டும்'?"

"நான்தாங்க. ரெண்டு படத்துலயும் இருக்கறது அவர்தானேன்னு எழுதிட்டேன்."

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். முதலாளி சிரிக்கவில்லை. ஒரு பேப்பரை நீட்டி, "முன்ன மாதிரி எழுதிக் காட்டுங்க" என்றார். காந்தம் எவ்வளவு முயன்றும் 'இருக்கிறேன்' என்றே வந்தது. முதலாளி மெதுவாகத் தலையை ஆட்டினார். அவருக்கு ஒரு கணக்குப் பிடிபட்டுவிட்டது. அப்பா வந்தது உண்மை. படிக்காத கையாகப் பார்த்து இந்த மனுஷன்மேல் வந்தார். யாரோ இவருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்து அப்பாவைத் துரத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காந்தத்தின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. முதலாளி ஒரு துணிப்பையோடு நின்றார்.

"அம்மா, நீங்க சொல்லிக்கொடுத்தத தயவுசெஞ்சு திருப்பி எடுத்துக்கங்க."

"அதெப்படிங்க முடியும்? ஏறினது ஏறினதுதான்."

முதலாளி பையைக் கவிழ்த்தார். ஹாஸ்டலுக்கு வந்த கடிதங்கள், எழுபதுக்கு மேல் இருக்கும். காந்தத்தின் மனைவி ஒன்றை எடுத்துப் படித்தார். கை பாட்டுக்குச் சிவப்புப் பேனாவைத் தேடியது. இரண்டு வட்டம் போட்ட பிறகுதான், எதிரில் இருப்பவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். பேனாவை மூடினார். மத்தியானம் வரை மூன்று பேரும் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். 'குளிறுகிரது, போற்வை அனுப்பி இறுக்கிரேன்' என்ற இடத்தில் காந்தம் எழுந்துபோய் டீ போட்டார்.

"இத புஸ்தகமா போடணும்" என்றார் முதலாளி. "ஒரு எழுத்தும் மாறக் கூடாது."

புரூப் பார்த்தது காந்தத்தின் மனைவிதான். இருபது வருஷ அனுபவத்தில் அவர் அப்படி அவதிப்பட்டதில்லை. தப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'நன்ராக' என்பதை அச்சுக் கோக்கிறவர் நல்லெண்ணத்தோடு 'நன்றாக' என்று திருத்திவைப்பார், இவர் அதை அடித்து மறுபடியும் கெடுப்பார். நூறு பிரதி அடித்து உறவினர்களுக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் பிழை மலிந்திருக்கிறது என்று யாரோ போன் செய்தபோது, "இல்லைங்க, மூணு தரம் சரிபார்த்திருக்கேன்" என்றார் உறுதியாக.

படமும் வெளிவந்தது. பதினோரு நாள் ஓடியது. ஆவி ஐந்து இடத்துக்குப் போய் 'கொலை' என்று எழுதி முடிப்பதற்குள் ஜனங்கள் மொத்தமாகக் கத்தி விடை சொல்லிவிட்டார்கள். டூயட்டை மட்டும் கொஞ்ச நாள் பஸ்களில் போட்டார்கள். முதலாளி வாளிக்கே திரும்பிப் போனார்.

காந்தம் இப்போது லிஃப்டில் பேய் வருகிற படத்தில் இருக்கிறார். பித்தான்கள் தானாக அமுங்க வேண்டும், அவ்வளவுதான். லிஃப்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே செய்கிற வேலை. முதுகுக்கு நல்லது என்கிறார்.