பேஸ் பெட்டிக்குள் மருந்து

செல்வம் அண்ணை, அன்று என்னைச் சாகடிக்கப் பார்த்தது உங்கள் வாய்தான்.

யுத்த காலம். லிங்கநகரில் இருந்து வாடகை வான் ஓட்டினேன். பாட்டுக்காகப் பின்னால் வைத்த பேஸ் ஸ்பீக்கர் பெட்டி வெறும் தகரப் பீப்பாய் போல அதிர்ந்தது. பழைய தலையணையைக் கிழித்து, இலவம் பஞ்சை உதிர்த்து உள்ளே அடைத்தேன். சத்தம் ஆழமாக, நெஞ்சில் இறங்கியது. "பெட்டிக்கு நல்ல மருந்து குடுத்திட்டாயடா!" என்று வான் ஸ்டாண்டில் அந்தப் பஞ்சைப் பார்த்துச் சிரித்தவர் நீங்கள்.

கிண்ணியாத் துறைக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடி. ஆமிக்காரன் பெட்டியைத் தட்டி, உள்ளே என்ன என்று கேட்டான். முன் இருக்கையில் இருந்த நீங்கள் பகிடியாகச் சிரித்தபடி, "மருந்து, மருந்து" என்றீர்கள். அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் மருந்து என்றால் வெடிமருந்து. துவக்கு முனை என் நெஞ்சுக்கு வந்தது. நான் "பஞ்சு" என்றதை அவன் நம்பவில்லை.

"எனக்கொண்டும் தெரியாது, நான் சும்மா ஏறினனான்" என்று நீங்கள் இறங்கி ஒதுங்கினீர்கள்.

பின் இருக்கையில் இருந்த கிண்ணியாப் பெண்மணி இறங்கவில்லை. எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

"ஸ்பீக்கரக் கழட்டுங்க மகன். நான் உள்ளுக்குக் கையப் போடுறன்."

கழற்றினேன். எல்லோரும் பின்வாங்க, அவர் துளைக்குள் கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்தார். அதைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடி, தூங்குவது போலக் காட்டினார். ஆமிக்காரன் சிரித்துவிட்டான். பாட்டுப் போடவும் சொன்னான்.

அந்தக் கையை நினைத்துத்தான் இன்றும் முன்பின் தெரியாதவர்களை நம்பி ஏற்றுகிறேன். உங்களையும் ஏற்றுவேன். அதற்கு முன் ஸ்டாண்டில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: பஞ்சு என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?