கைக்குட்டை போட்ட நாற்காலி

பேருந்து ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசி இடம் பிடிப்பவர்களைக் கண்டால் கண்டக்டருக்கு ஆகாது. டிக்கெட் எடுக்காதவனைக்கூட ஒரு முறைப்போடு விட்டுவிடுவார். கைக்குட்டையை விடமாட்டார். செத்த எலியைத் தூக்குவது போல் இரண்டு விரலால் தூக்கிப் பிடிப்பார்.

"இது யாரோடது? மூக்குச் சிந்துற துணிக்குத் தனி சீட்டா?"

"ஆள் வருது சார்."

"வரும்போது பாத்துக்கலாம். நிக்கிறவரு உக்காருங்க."

அதன் பிறகுதான் விசில்.

ஒருநாள் கைக்குட்டைக்குப் பதில் காய்கறிப் பை வந்து விழுந்தது. அதையும் எடுத்துத் தரையில் வைத்தார். பையைத் தேடிக்கொண்டு ஏறியவள் அவர் மனைவி. இறங்கும்வரை நின்றுகொண்டே வந்தாள். ஒரு வாரம் அவரிடம் பாத்திரம் வைக்கும் சத்தத்தில்தான் பேசினாள்.

அவர் ஓய்வு பெற்றதும் மூவருமாக வெளிநாடு போய்வர மகள் ஏற்பாடு செய்தாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: மேசை நடுவில் கண்ணாடித் தட்டு சுழலும் சீன ஓட்டல். டி.வி.யில் பார்த்திருந்தாள். "உங்கப்பாகிட்ட எதையும் எடுத்துத் தாங்கன்னு கெஞ்ச வேண்டாம், பாரு. தானா வரும்."

புறப்படும் முன்பே அவள் இறந்துவிட்டாள். அதிலிருந்து அவள் இடம் எதையும் கண்டக்டர் தொடுவதில்லை. கட்டிலில் அவள் பக்கம் அப்படியே இருக்கும். ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு பையைக்கூட வைக்கமாட்டார். வற்புறுத்தித்தான் மகள் அவரைக் கூட்டி வந்தாள்.

அம்மா கேட்ட சீன ஓட்டல் வாசலில் கடைசி பஸ்ஸுக்கு நிற்பது போலக் கூட்டம். உள்ளே ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளுடன் பணியாளர்கள் நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து போனார்கள். கண்டக்டர் அந்த நடையைத் தொழில்முறையில் ரசித்தார். வட்ட மேசை, மூன்று நாற்காலி. உட்கார்ந்தார், முகத்தைத் துடைத்தார், கைக்குட்டையை மூன்றாவது நாற்காலியில் போட்டார்.

மகள் பார்த்தாள்.

தட்டுகள் வந்தன. கண்ணாடியைச் சுழற்றும்போதெல்லாம் அவர் காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு ஸ்டாப்பிங் போட்டார். குச்சிகளோடு அவர் நடத்திய போரில் நூடுல்ஸ் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் இறங்கிக்கொண்டது.

"முள்கரண்டி கேக்கட்டுமாப்பா?"

"எனக்குத் தெரியும்."

அப்போது பணிப்பெண் ஒரு வயதான அம்மாளை அழைத்துவந்து மூன்றாவது நாற்காலியைக் காட்டினாள். அந்த அம்மாள் கனமான பையைக் கைமாற்றிக்கொண்டு நின்றாள். கேள்வி என்ன என்று புரிய மொழி தேவைப்படவில்லை.

"ஆள் வருது," என்றார் கண்டக்டர், தமிழில்.

மகள் குச்சிகளைக் கீழே வைத்தாள். "யாருப்பா?"

அவர் கைக்குட்டையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பை மறுபடி கைமாறியது.

இரண்டு விரலால் கைக்குட்டையைத் தூக்கினார்.

"இது யாரோடது?" என்றாள் மகள், அச்சு அசல் அவர் குரலில்.

"என்னோடதுதான். மூக்குச் சிந்துறதுக்கு." சிந்தவும் செய்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டு, "ரொம்பக் காரம்," என்றார்.

காரமாக எதுவும் இன்னும் வரவே இல்லை.

அந்த அம்மாள் உட்கார்ந்து, பையைக் காலடியில் வைத்து, பெருமூச்சு விட்டாள். அவளுக்குத் தனியாகச் சாப்பாடு வரும் என்பது கண்டக்டருக்குத் தெரியாது. தங்கள் கொழுக்கட்டைக் கூடையைச் சுழற்றி அவள் முன்னால் நிறுத்தினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் நகர்த்தவில்லை. சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா இருந்தா இதுக்கும் ஒரு வாரம் பேசமாட்டா," என்றாள் மகள்.

"பேசாம இருந்தா இருக்கட்டும்," என்றார் கண்டக்டர். "நின்னுட்டு வந்தா அவளுக்குக் கால் வலிக்கும்னு அன்னிக்குத் தோணலை பாரு."

பிறகு பணிப்பெண்ணைக் கைதட்டிக் கூப்பிட்டு, முள்கரண்டி வேண்டும் என்று விரல்களை விரித்துக் காட்டினார்.