குற்றம் சொல்லாத மாமியார்

அந்தத் தொழிற்சாலையில் கேமராவுக்கு வைத்த பெயர் மாமியார். எதை நீட்டினாலும் குற்றம் கண்டுபிடிக்கும். சமையல் கேஸ் சிலிண்டரில் மாட்டும் ரெகுலேட்டர்கள் பெல்ட்டில் ஒவ்வொன்றாக அதன் கீழே நகரும். மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்பு விளக்கு. பழுதில்லை என்றால் பச்சை.

அந்தச் சிவப்பைக் கண்டாலே சின்னக்காவுக்குப் பயம். அவளோடு கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த பெண்கள் எல்லோரும், கேமரா வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கும் கணவனைச் சொல்லி அழுததில், பெல்ட்டில் உருப்படி வைக்கும் வேலை அவளுக்கு மட்டும் மிஞ்சியது.

"கேமரால கை பட்டுச்சு, அன்னிக்கே நீ வீட்டுக்குத்தான்!" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தொட்டால் வெடிப்பவர் என்பதால் அவருக்குப் பட்டாசு என்று பெயர்.

வேலை தொடங்குமுன் அவரவர் இடத்தைத் துடைப்பது அங்கே பழக்கம். அன்று காலை மேசையைத் துடைத்த சின்னக்கா நிமிர்ந்து பார்த்தாள். கேமராவின் கண்ணாடியில் தூசி. கை தன்னையறியாமல் உயர்ந்தது. அதே துணியால் ஓர் இழுப்பு.

அதன் பிறகு பச்சை. பச்சைக்கு மேல் பச்சை.

"என்னடி சின்னக்கா, மாமியாருக்கு இன்னிக்கு மனசு குளுந்துடுச்சா?" பெட்டி கட்டும் அக்கா சிரித்தாள்.

"கண்ணு வைக்காதீங்கக்கா. இன்னிக்கு ஒரு நாளாச்சும் நிம்மதியா இருக்கேனே!"

"குத்தம் சொல்லாத மாமியாரை எங்கயாச்சும் பாத்திருக்கியா? ஒண்ணு செத்திருக்கணும், இல்ல கண்ணு அவிஞ்சிருக்கணும்!"

விளையாட்டாகச் சொன்னதுதான். சின்னக்காவின் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்தது. துணியை முகர்ந்தாள். இயந்திர எண்ணெய்!

இழுப்பறையில் விரிசல் விட்ட ரெகுலேட்டர் ஒன்று இருந்தது. கேமராவைச் சோதிக்க வைத்திருந்தது. அதை எடுத்து பெல்ட்டில் வைத்தாள். கடவுளே, சிவப்பு வரட்டும், சிவப்பு வரட்டும்...

பச்சை எரிந்தது.

காலையிலிருந்து போனவையெல்லாம் பெட்டியேறி, வாசலில் நிற்கும் லாரியில் அடுக்கப்படுகின்றன. வாயைத் திறந்தால் வேலை போகும். படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு மருந்து யார் வாங்குவது? திறக்காவிட்டால்? ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒருத்தி, கசிவது தெரியாமல் தீக்குச்சியைக் கிழிப்பாள். பக்கத்திலேயே பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும்.

வெளியே லாரி உறுமியது.

சின்னக்கா பெல்ட்டை நிறுத்தும் பொத்தானை ஓங்கிக் குத்தினாள்.

"எவ நிறுத்துனது?" பட்டாசு ஓடி வந்தார்.

"நான்தான் சார்! எண்ணெய்த் துணியால கேமரா கண்ணைத் துடைச்சிட்டேன். விரிசலே அதுக்குத் தெரியல சார். லாரியை நிறுத்துங்க, உங்க கால்ல விழறேன்!"

வெடிப்பார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவர் முகம் வெளுத்தது. வாசலை நோக்கி ஓடினார். லாரி நின்றது.

திரும்பி வந்து தம் கையாலேயே கண்ணாடியைத் துடைத்தார். விரிசல் உருப்படியை அதன் கீழே வைத்தார். சிவப்பு. சின்னக்கா முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு வந்து பாரு" என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல்.

வேலை இருக்குமா, இருக்காதா? வழியெல்லாம் அந்த நினைப்பே அவளைத் தின்றது. வீட்டில் அடுப்பின் முன் நின்றவளுக்குத் தீப்பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை.

"என்னம்மா, அடுப்பு பத்தலையா?" உள்ளிருந்து கணவன் கேட்டான்.

"இருங்க" என்று ரெகுலேட்டரின் அருகே மூக்கைக் கொண்டுபோனாள். "ஒரு நிமிஷம் இருங்க."