ஹாபிஸ் சொன்னால் செட்டை அணை

எண்பதுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் இயங்கிய நில அளவை கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்களிடம் இரண்டு வாக்கி டாக்கி செட்டுகள் இருந்தன. அவற்றுக்கு அரசாங்க லைசன்ஸ் உண்டு; அதற்குப் பொறுப்பு நான். அந்தப் பொறுப்பு கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. கொடுத்த அலைவரிசையை விட்டு நகரக் கூடாது, கரண்டுக் கம்பிக்குக் கீழே ஏரியலை நீட்டக் கூடாது, பேசும்போது அதைத் தொடக் கூடாது, வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசக் கூடாது. எல்லாக் கூடாதுகளும் எனக்கு மனப்பாடம்.

என் தங்கையின் கணவரை நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். அவர்கள் பண்டமாரானில் குடியிருந்தார்கள். நான் கருவியில் கண் வைத்து நிற்பேன். மச்சான் சிவப்பு வெள்ளைக் கம்பைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கல்லுக்குக் கல் நடப்பார். வாய் ஓயாத மனிதர். செட் கைக்கு வந்த முதல் வாரமே, சாப்பாட்டில் சம்பல் இருக்கிறது, தனக்கும் கொஞ்சம் வைக்கும்படி அதில் சொன்னார். நான் பிடித்துக் கத்திவிட்டேன். யாராவது கேட்டு லைசன்ஸ் போனால் இரண்டு பேரும் வீட்டில்தான் உட்கார வேண்டும் என்றேன். அன்றிலிருந்து எனக்கு 'லைசன்ஸ் மச்சான்' என்று பெயர். கேலிதான் என்றாலும் பேச்சைக் குறைத்துவிட்டார். கல் நம்பர், 'ரெடி', அவ்வளவுதான். மனிதரைத் திருத்திவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

வேலை முடிந்தால் சொல்ல 'ஹாபிஸ்' என்ற மலாய்ச் சொல்லை வைத்துக்கொண்டோம். முடிந்தது என்று அர்த்தம். ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும், உடனே இருவரும் செட்டை அணைத்து பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும். அந்த விதியும் நான் போட்டதுதான்.

ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை அளந்துகொண்டிருந்தோம். பதினேழு கல்லில் பன்னிரண்டு முடிந்திருந்தது. அடுத்த கல்லைத் தேடி மச்சான் மரங்களுக்குள் போயிருந்தார். செட் கரகரத்தது.

"மச்சான்..."

மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"ஹாபிஸ் மச்சான்."

ஐந்து கல் பாக்கி இருந்தது. வெயில் தாங்காமல் சோற்றுக்கு அவசரப்படுகிறார் என்று எனக்கு எரிச்சல். செட்டில் சண்டை போடுவது விதிக்கு விரோதம், வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று நானும் 'ஹாபிஸ்' சொல்லி அணைத்துவிட்டேன். மர நிழலில் உட்கார்ந்து தங்கை கட்டிக் கொடுத்த சோற்றில் என் பங்கைச் சாப்பிட்டேன். சம்பல் இருந்தது. அவருக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன்.

அரை மணி நேரம் ஆகியும் ஆள் வரவில்லை. செட்டைப் போட்டுக் கூப்பிட்டேன், பதில் இல்லை. கால்வாயைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பதிமூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில், ஒரு கையால் நெஞ்சை அழுத்தியபடி ஒருக்களித்துக் கிடந்தார். இன்னொரு கையில் செட். அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹாபிஸ் சொன்னவர் செட்டை அணைத்திருக்க வேண்டும். அவர் அணைக்கவில்லை. என் ஹாபிஸைக் கேட்ட பிறகும், நான் வேறு ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறார்.

தோட்டத்து லோரியில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடனே கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கருமாதி முடிந்து ஆபீஸ் போன அன்று லைசன்ஸ் காகிதத்தை எடுத்து முழுவதும் படித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்தப் பேச்சுக்கும் தடையில்லை என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கூடாது என்று போட்டிருந்ததையெல்லாம் அவருக்கு ஒப்பித்தேன். கூடும் என்று இருந்த அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நெஞ்சு வலிக்கிறது என்று இரண்டு வார்த்தை கூடப் பேசியிருப்பார். பேசத் தெரியாதவரா அவர்? நான்தான் அவர் வாயைக் கட்டினேன்.

அந்த வாரமே தங்கை கேட்டாள்.

"அண்ணே, கடைசியா அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

"ஹாபிஸ்னு சொன்னாரும்மா."

எங்கள் செட்டு விதி எதுவும் அவளுக்குத் தெரியாது. வீட்டிலும் பாசார்ச் சந்தையிலும் புழங்கும் சொல்லாகத்தான் அவள் அதைக் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டு, அப்போ தன் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று சொல்லி அழுதாள். அழுகை அடங்கியதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் ஹாபிஸ்னுதான் சொன்னேன்" என்றேன்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.